எந்த டீசல் எஞ்சின் பொருந்தும்?

கேள்வி: கணினியில் ரயில் ஓட்டும் விளையாட்டுக்காக, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ–மல்லேக் பாதையை 1980-களின் தோற்றத்தில் அமைத்து வருகிறேன். எந்தப் பழைய டீசல் வண்டியைச் சேர்க்கலாம்?

பதில்: பிரிட்டிஷ் ரயில்வேயின் ‘கிளாஸ் 37’ எஞ்சினைத் தயங்காமல் சேருங்கள். 1960 முதல் 1965 வரை 309 எண்ணிக்கையில் கட்டப்பட்ட, 1,750 குதிரைத்திறன் கொண்ட இந்த எஞ்சின், 1980-களின் தொடக்கத்தில் அப்பாதைக்கு வந்து, அந்தப் பத்தாண்டின் இறுதியில் தனி எஞ்சின் தேவைப்படாத ‘ஸ்பிரிண்டர்’ டீசல் வண்டிகள் பயணிகள் சேவையை ஏற்கும் வரை அங்கே கோலோச்சியது. ரசிகர்கள் இதை ‘டிராக்டர்’ என்று செல்லமாக அழைப்பதற்கு இதன் உறுமலே காரணம். ஆகவே ஒலிக்கோப்பு சரியில்லை என்றால், தோற்றம் எத்தனை அழகாக இருந்தாலும் அந்த மாதிரியை வாங்காதீர்கள். 1985-க்குப் பிந்தைய காட்சி என்றால், பெட்டிகளை மின்சாரத்தால் சூடேற்றும் வசதியுடன் மாற்றியமைக்கப்பட்ட 37/4 வகையே பொருத்தம். ஃபோர்ட் வில்லியம் நிலையத்தில் வண்டியின் திசை மாறுவதால், எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் கோக்க வேண்டியிருக்கும் (விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான்); அதற்கேற்ற பக்கத் தண்டவாளத்தையும் மறக்காமல் அமையுங்கள்.