வரிசை

கேள்வி: உலக இலக்கிய வரிசை என்று யார் பட்டியல் போட்டாலும் ஐரோப்பிய ஆண்களின் பெயர்களே நிறைந்திருக்கின்றன. அந்த வரிசையில் மொரீசியஸ் தமிழர் என்றைக்காவது இடம்பெறுவோமா? (வாசகி, ரோஸ்ஹில்)

பதில்: 'வரிசை' என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே பையிலிருந்து நூறு ரூபாய்த் தாளை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டேன். நம் தமிழ் அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன் முகம் போட்ட தாள். தொகை முதலில் ஆங்கிலத்தில், அடுத்துத் தமிழில், அதற்கடுத்து இந்தியில் இருக்கிறது. 1998இல் வந்த புதுத் தாள்களில் இந்தி மேலே ஏறித் தமிழ் கீழே இறங்கியது. கொதித்தெழுந்தோம். அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்றுப் பழைய வரிசைப்படியே அச்சடித்தார்கள். நாம் கேட்டது நியாயம் என்று இன்றைக்கும் சொல்வேன். பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே காலத்திலேயே போர்ட் லூயிஸ் நகரைக் கட்டப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த கொத்தரும் தச்சரும் நம்மவர். 1834இல் தொடங்கிய ஒப்பந்தக் கூலிக் கப்பல்களுக்கு ஏறக்குறைய நூறாண்டு முந்தியவர்கள்.

ஆனால் என் மனத்தாங்கல் ஒன்று உண்டு. இந்தப் பக்கத்தில் முன்பும் கொட்டியிருக்கிறேன். பணத்தாளில் ஒரு வரிக்காகத் திரண்ட நாம், நம் பாட்டன் பாட்டி பாடிய ஒரு வரியை எழுதிவைக்கத் திரண்டதில்லை.

இனி உங்கள் கேள்வி. க்யூர்பிப் நகரமன்றத் தோட்டத்தில் சிலையாக நிற்கும் போலையும் விர்ழினியையும் இத்தீவில் அறியாதார் இல்லை. 1788இல் பெர்னார்தின் தெ சேன் பியேர் எழுதிய கதை. அதில் விர்ழினியின் சவ அடக்கத்துக்கு மடகாஸ்கர், மொசாம்பிக் பெண்கள் பழக்கூடைகளோடு வருகிறார்கள். வங்காளத்துப் பெண்களும் மலபார்க் கரைப் பெண்களும் கூண்டு கூண்டாகப் பறவைகளைக் கொண்டுவந்து அவள் உடல்மேல் பறக்கவிடுகிறார்கள். பிரெஞ்சுக்காரர் தமிழரையும் மலபார் என்றே அழைத்த காலம் அது. ஆகவே, அம்மா, நாம் வரிசையில் 1788 முதலே இருக்கிறோம். பெயரில்லை, வாயில்லை, ஒரே ஒரு வாக்கியம். அன்று மாலை அந்தப் பெண் காலிக் கூண்டை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வீட்டாரிடம் என்ன சொல்லியிருப்பாள்? எனக்கு வேண்டியது அந்தப் பேச்சு. அதை எழுத ஆளில்லை.

ஐரோப்பியரை மட்டும் குறைசொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், உ.வே.சாமிநாதையரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்று அடுக்கினார் ஐயர். சிந்தாமணி படித்ததுண்டா என்றார் முதலியார். இல்லை. சைவ மடத்தில் வளர்ந்த படிப்புக்குள் சமண நூலுக்கு இடமிருக்கவில்லை. 1887இல் ஐயரே சிந்தாமணியைப் பதிப்பித்தார். 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு. இன்றைக்குச் சிலம்பை விட்டுவிட்டு எவராவது தமிழ் இலக்கிய வரிசை சொல்வாரா? ஒரு முன்சீப் கேட்ட கேள்வி அவ்வளவு பெரிய வேலையைத் தொடங்கி வைத்தது.

சென்னையில் போடும் பட்டியல்களையும் பார்த்து வருகிறேன். கரும்புத் தோட்டம் என்றால் பாரதியின் பாட்டு. உயிரை உருக்கும் பாட்டுத்தான், ஆனால் அது பிஜித் தீவைப் பற்றியது. நம் தீவின் பெயர் வருவதில்லை. தமிழில் எழுதாதது தமிழர் இலக்கியம் ஆகுமா என்று இங்கேயே ஒரு கூட்டத்தில் பெரியவர் ஒருவர் என்னை மடக்கினார். பல வருடம் ஆகியும் அந்தச் சண்டையை நான் விடவில்லை. அவரை ஒரு ஞாயிறு சந்தைக்கு அழைத்துப்போக ஆசை. கீரைக்காரம்மா முருங்கைக் கீரையை 'ப்ரேத் முரூம்' என்பாள். பீர்க்கங்காய் அவளுக்குப் 'பிப்பங்காய்'. வீட்டுக்குப் போய் வைப்பது 'ராசோன்', நம் ரசம்தான். அவளுக்கு அ, ஆ எழுதத் தெரியாது. அவள் பேரனுக்குக் கதை சொல்வது கிரெயோலில், பிரெஞ்சிலிருந்து கிளைத்த இத்தீவின் பேச்சுமொழியில். அந்தக் கதையைத் தள்ளி வைக்கிறவர், அன்று மடம் சிந்தாமணியைத் தள்ளி வைத்த அதே காரியத்தைத்தான் செய்கிறார்.

உங்கள் வீட்டில் எண்பது தாண்டியவர்கள் இருக்கிறார்களா? தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருக்கையில் எல்லோரும் ஒரே கூடத்தில் கூடுவீர்களே, அப்போது கைப்பேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். சிறுவயதில் கேட்ட பாட்டு, தோட்டத்து முகாம் கதை, எதுவானாலும் சரி. கிரெயோலில் சொன்னால் கிரெயோலிலேயே எழுதுங்கள்; சொன்னவர் பெயரையும் ஊரையும் மறக்காமல் மேலே போடுங்கள். மாசி இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கிவிட்டேன்.