256 எங்கே போனது?

அன்புள்ள ஐயா,

உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, இப்போது மதுரையில் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அம்மா பூக் கட்டி விற்கிறார். இந்தப் பருவத்தில் கணினி அமைப்பும் அசெம்பிளி நிரலாக்கமும் ஒரு பாடம். சென்ற வாரம் ஆய்வகத்தில் 8085 என்ற நுண்செயலி சிப்பைக் கொண்ட பயிற்சிக் கிட்டில் 200-ஐயும் 100-ஐயும் கூட்டினேன். ஹெக்ஸ் (16 அடிமான) எண்ணாக 2சி என்று காட்டியது. வழக்கமான எண்ணில் அது 44. ஆசிரியரிடம் கேட்டதற்கு, "கேரி வந்திருக்கிறது, அப்படியே எழுதிக்கொள்" என்றார்கள். ஓப்கோடு (கட்டளைகளின் எண் குறியீடு) அட்டவணையை மனப்பாடம் செய்கிறேன்; மனத்தில் எதுவும் நிற்கவில்லை. நிரலை இயந்திரமே எழுதித் தருகிற காலத்தில் 1976-இல் வந்த சிப்பை எதற்குப் படிக்க வேண்டும்? தமிழ் வழியில் படித்ததால்தான் எனக்குப் புரியவில்லையோ என்றும் தோன்றுகிறது.

— ஒரு வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

44-ஐப் பார்த்ததும் 'அப்படியே எழுதிக்கொள்ள' உங்களுக்கு மனம் வரவில்லை. கடிதத்தில் என்னை மகிழவைத்தது அதுதான். அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

8085-இன் ஏ ரிஜிஸ்டரில் (சிப்புக்குள் எண்ணை வைக்கும் இடம்) 8 பிட்டுகள், அதாவது 0 அல்லது 1 வைக்க எட்டு இடங்கள். 0 முதல் 255 வரைதான் அதில் அடங்கும். 300 அடங்காது, 256 வெளியே போய், 44 தங்குகிறது. வெளியே போனது தொலைந்துபோகவில்லை. ஒன்றாம் இடத்தில் 7-ஐயும் 8-ஐயும் கூட்டும்போது ஆரம்பப் பள்ளியில் என்ன சொன்னீர்கள்? "15-க்கு 5 போட்டு, மீதி 1 கையில்." கேரி என்பது அந்தக் 'கையில் 1'. நாம் விரலை மடக்கி வைத்துக்கொள்கிறோம். 8085 அதற்கென்று ஒரே ஒரு பிட்டை ஒதுக்கி வைத்திருக்கிறது. இதை நீங்கள் ஏழு வயதிலேயே தமிழில் கற்றுவிட்டீர்கள். இப்போது வந்திருப்பது ஒரு புதுப்பெயர், அவ்வளவுதான். வீட்டில் அம்மாவிடம் இதை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பூக்கணக்கு போடுகிறவருக்கு உடனே விளங்கும். எந்தச் சொல்லில் நீங்கள் தடுமாறுகிறீர்களோ, அதைத்தான் இன்னும் படிக்க வேண்டும் என்று உங்களுக்கும் தெரிந்துவிடும்.

உங்கள் நிரல் ஹெக்ஸ் எண்களில் அநேகமாக இப்படி இருந்திருக்கும் (சி8 என்பது 200, 64 என்பது 100): 3இ சி8, 06 64, 80, 32 00 42, 76. 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட், இங்கே மொத்தம் 9 பைட்டுகள். ஏ-யில் 200-ஐ வை, பி-யில் 100-ஐ வை, கூட்டு, விடையை 4200 என்ற நினைவக முகவரியில் சேமி, நில். இதை ஓட்டி முடிக்க 36 கடிகாரத் துடிப்புகள் ஆகும். 3 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் 12 மைக்ரோ வினாடி. இந்த 9 பைட்டுகளோடு ஒரு மாலைப்பொழுது முழுக்க உட்காருங்கள். அட்டவணை முழுவதையும் மனப்பாடம் செய்வதைவிட அதில் அதிகம் கிடைக்கும்.

உதாரணத்துக்கு, நிரலை ஒரு பைட் தள்ளித் தவறாகத் தொடங்கிவிட்டால் என்ன ஆகும்? நீங்கள் 200 என்று நினைத்து வைத்த சி8, இப்போது 'விடை பூஜ்யமாக இருந்தால் திரும்பிப் போ' என்ற கட்டளையாகிவிடும். 100 என்று வைத்த 64-உம் ஒரு கட்டளைதான். நினைவகத்தில் எண்ணுக்கு ஒரு நிறம், கட்டளைக்கு ஒரு நிறம் என்று கிடையாது. அடுத்த கட்டளையின் முகவரியை வைத்திருக்கும் புரோகிராம் கவுன்டர் எந்த பைட்டைக் கட்டளையாக எடுக்கிறதோ அது கட்டளை. இது எனக்குப் புரிந்த நாளில் உறக்கமே வரவில்லை. இன்றும் இதைவிட வியப்பான எதையும் கணினியில் நான் கண்டதில்லை.

4200 என்ற முகவரி ஏன் 00 42 என்று தலைகீழாக இருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். டேட்டாபாயின்ட் 2200 என்ற பழைய கணினி எண்களை ஒவ்வொரு பிட்டாகக் கூட்டியது. கேரி கீழிருந்து மேலே போவதால் சிறிய இடத்திலிருந்து தொடங்குவது அதற்கு வசதி. நாமும் ஒன்றாம் இடத்திலிருந்துதானே தொடங்குகிறோம்? அதன் கட்டளை அமைப்பை ஒட்டி 1972-இல் இன்டெல் 8008 சிப் வந்தது. அந்த வழக்கம் 8080, 8085, 8086 என்று இறங்கி, இன்றைய இன்டெல் மடிக்கணினிகள் வரை அப்படியே தொடர்கிறது. பழைய சிப் என்று ஒதுக்கினீர்களே, அதன் பழக்கம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

இயந்திரம் நிரல் எழுதித் தரட்டும். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் 300 வர வேண்டிய இடத்தில் 44 வந்தால் யார் சந்தேகப்படுவது? 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட், கிளம்பி 40 வினாடிகளுக்குள் சிதறியது. 64 பிட்டில் இருந்த ஓர் எண்ணை 16 பிட்டுக்குள் மாற்றப் போனார்கள், அது அடங்கவில்லை. முந்தைய ராக்கெட்டில் ஒழுங்காக ஓடிய நிரல் பகுதி அது. ஆய்வகத்தில் நீங்கள் பார்த்ததும் இதே வகைச் சிக்கல்தான். அதனால்தான் 'எழுதிக்கொள்' என்று உங்களை அனுப்பிவிட்டது எனக்குப் பொறுக்கவில்லை. ஆசிரியருக்கு அறுபது பேர் இருக்கலாம், நேரம் போதாமல் இருக்கலாம். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

நான் படித்தது வைகையின் வடகரையில் ஒரு கல்லூரியில். நான்கு பேருக்கு ஒரு கிட். பைட் பைட்டாக அழுத்தி முடிக்கும்போது மின்சாரம் போகும், அத்தனையும் அழிந்துவிடும். அதனால் கோரிப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே, கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நிரலை ஓட்டிப் பார்ப்போம். ஏ, பி, கேரி, புரோகிராம் கவுன்டர் என்று நான்கு பத்தி. கட்டளைக்கு ஒரு வரி. எனக்கு இந்தப் பாடம் வந்தது அந்தத் தாள்களில்தான். நீங்களும் நான்கு பத்தி போட்டு அந்த 9 பைட்டுகளை ஓட்டுங்கள்.

பிறகு நிரலைத் திருத்துங்கள். சி ரிஜிஸ்டரை முதலில் 0 ஆக்குங்கள். கூட்டியபின் கேரி இல்லையென்றால் தாண்டிப் போகச் சொல்லும் ஜே.என்.சி. கட்டளையைப் போடுங்கள், கேரி இருந்தால் சி-யை ஒன்று கூட்டுங்கள். ஏ-யை 4200-இலும் சி-யை 4201-இலும் சேமியுங்கள். 4200-இல் 2சி, 4201-இல் 01 என்று வரவேண்டும். வந்ததும் அந்தத் தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.