ஜாப் கார்டில் யார் நம்பர்?

கேள்வி: தக்கலைப் பக்கம் உதவிபெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். வீடு நாகர்கோவிலில். தினமும் போக வர 36 கிலோமீட்டர் நானே கார் ஓட்டுகிறேன், பின் சீட்டில் பிள்ளைகள் இரண்டு பேரும் வருவார்கள். நான்கு வருஷம் முன்பு தம்பியோடு போய் எடுத்த பெட்ரோல் கார். ஆர்சி என் பெயரில், லோன் என் சம்பளத்தில். 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு எக்ஸ்டென்டட் வாரண்டி போட்டிருக்கிறேன். போன மாதம் டீலரிடம் சர்வீஸுக்கு விட்டேன். காலையில் எஸ்டிமேட் 6,200 ரூபாய் என்றார்கள், சாயங்காலம் பில் 14,860. டீகார்பனைசிங் 2,400, அடியில் கோட்டிங் 3,600, ஏசி ட்ரீட்மென்ட் 1,360, உள்ளே கிளீனிங் 1,300 என்று சேர்ந்திருந்தது. மீதியெல்லாம் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், லேபர், அவ்வளவுதான். கேட்டால், 'சாருக்குப் போன் பண்ணிக் கேட்டுத்தான் செய்தோம்' என்கிறார்கள். வண்டியை விடும்போது அவர்கள் எழுதுகிற ஜாப் கார்டில் எப்போதும் என் வீட்டுக்காரர் நம்பரைத்தான் கொடுப்பேன், அவர் மஸ்கட்டில் இருக்கிறார். கார் எடுக்கும்போதே கோட்டிங் போட்டாச்சு என்பது அவருக்குத் தெரியாது போல. தம்பியின் கூட்டாளி ஒருவர் வடசேரியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். 3,500 ரூபாய்க்கு முடித்துத் தருகிறேன் என்கிறார், பில் மட்டும் கிடையாது. டீலரை நம்புவதா, இவரிடம் விடுவதா?
– பெயர் வேண்டாம், நாகர்கோவில்

பதில்:

டீலரிடம் விடுவதா, தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவதா என்ற கேள்வி வராத மாதம் இல்லை. அதற்குப் பதில் சுலபம், கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால், நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோன ஒரு வரியைப் பற்றிப் பேச வேண்டும். 'ஜாப் கார்டில் எப்போதும் என் வீட்டுக்காரர் நம்பரைத்தான் கொடுப்பேன்.'

எப்போதும் என்றால் நான்கு வருஷமாக. வண்டி உங்கள் பெயரில் இருக்கிறது, தவணை உங்கள் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், தினமும் ஓட்டுவது நீங்கள். எந்தக் கதவை இழுத்துச் சாத்த வேண்டும், எந்த வேகத்தில் ஸ்டியரிங் உதறும், மழையில் பிரேக் மிதித்தால் என்ன சத்தம் வரும் என்பதெல்லாம் இந்த உலகத்தில் உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். லீவில் வரும்போது மட்டும் அந்த வண்டியைப் பார்க்கிற மனிதரின் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு, சாவியையும் கொடுத்துவிட்டு, நீங்கள் ஆட்டோ பிடித்துப் பள்ளிக்கூடம் போய்விடுகிறீர்கள்.

அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாகர்கோவிலில் காலை 11 மணி என்றால் மஸ்கட்டில் ஒன்பதரை. வேலை சூடு பிடிக்கிற நேரம். டீலரின் சர்வீஸ் அட்வைசர் கூப்பிடுகிறார். 'சார், இன்ஜின்ல கார்பன் நிறைய இருக்கு. அடில துரு பிடிக்க ஆரம்பிச்சிருக்கு, கோட்டிங் போட்டா சேஃப்டி. பண்ணிடலாமா?' அந்த மனிதர் என்ன சொல்வார்? மனைவியும் இரண்டு குழந்தைகளும் ஏறுகிற வண்டி. வேண்டாம் என்று சொல்லி நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? 'பண்ணிடுங்க' என்றுதான் சொல்வார். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். தூரத்தில் இருப்பவனின் பயத்துக்கு விலை வைப்பது ரொம்பச் சுலபம். உங்கள் பில்லில் அது 8,660 ரூபாய். அதில் 3,600 ரூபாய், ஏற்கெனவே ஒருமுறை நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கோட்டிங்குக்கு. அது அவருக்குத் தெரியாது. தெரிந்த உங்களை யாரும் கேட்கவில்லை. கேட்க முடியாதபடி செய்து வைத்தது நீங்கள்.

கோபம் வருகிறதா? வரட்டும். நம்பரை மாற்றிக் கொடுக்கிற பெண்கள் நிறைய பேரை எனக்குத் தெரியும். கேஸ் இணைப்பு, பள்ளிக்கூடப் படிவம், வங்கி, எல்லா இடத்திலும் இப்படித்தான். 'ஆம்பளை பேசினா ஏமாத்த மாட்டாங்க' என்பார்கள். அது வெளியில் சொல்கிற காரணம். உள்ளே இன்னொன்று இருக்கும். செலவு கூடிப்போனால், 'நான் என்ன செய்ய, அவர்தான் சரின்னுட்டார்' என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். உங்களிடம் அந்த இரண்டாவது காரணம் இல்லை என்றால் மன்னியுங்கள். இருந்தால், அதை முதலில் விடுங்கள். கடல் தாண்டி வெயிலில் உழைக்கிறவர் தலையில், பார்க்காத வண்டிக்கான முடிவையும் ஏற்றி வைப்பதை நான் மரியாதை என்று நினைக்கவில்லை. பக்கத்தில் இருப்பவர் பார்த்து முடிவெடுத்து, தூரத்தில் இருப்பவர் நிம்மதியாக வேலை பார்க்கும்படி வைத்துக்கொள்வதுதான் குடும்பம்.

என் அப்பா பல வருஷம் சிங்கப்பூரில் இருந்தார். கடிதம் போய்ப் பதில் வர ஒரு மாதம் ஆகும். எங்களுடையது ஓட்டு வீடு. ஒரு ஐப்பசியில் அடுக்களைக்கு மேலே ஒழுக ஆரம்பித்தது. அம்மா கேட்டு எழுதவில்லை. ஆளைக் கூட்டி வந்து, பக்கத்திலேயே நின்று, உடைந்த ஓடுகளைக் கீழே இறக்கி எண்ணி வாங்கினார். அப்புறம்தான் எழுதினார்: '40 ஓடு மாற்றியாச்சு. கூலியும் ஓடும் சேர்த்து இவ்வளவு. இப்போ ஒழுகலை.' அப்பா கடைசி வரை அந்தக் கடிதங்களைப் பெட்டியில் வைத்திருந்தார். ஒன்றில்கூட 'செய்யவா' என்ற கேள்வியை நான் பார்த்ததில்லை.

சரி, இனி வண்டிக்கு வருகிறேன்.

டீலர் என்பவர் கார் கம்பெனி அல்ல. கம்பெனியின் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டு தொழில் செய்கிற தனி முதலாளி. புதுக் கார் விற்பதில் அவருக்கு நிற்கிற லாபம் மெலிசு. ஷோரூமின் செலவில் பெரும்பங்கு சர்வீஸ், உதிரிபாகம், இன்சூரன்ஸ் இவற்றில்தான் வர வேண்டும். அதனால் உங்களிடம் பேசுகிற அட்வைசருக்கு மாத டார்கெட் இருக்கும். ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் அது நிறையாது. நிறைப்பவை நீங்கள் எழுதிய அந்த நான்கு அயிட்டங்கள்தான். அந்தப் பையனை நான் திருடன் என்று சொல்லவில்லை. ஆனால் அவனுடைய யோசனை எதற்காக வருகிறது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்.

வண்டியோடு ஒரு புத்தகம் கொடுத்திருப்பார்களே, டாஷ்போர்டில் கிடக்கும். அதில் எத்தனை கிலோமீட்டருக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு அட்டவணை இருக்கும். அதில் டீகார்பனைசிங் இருக்கிறதா என்று தேடுங்கள். நான் புரட்டிய எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு வரியைப் பார்த்ததில்லை. வண்டி இழுவை குறைந்து, நிற்கும்போது உதறி, மைலேஜ் இறங்கியிருந்தால் அதைப் பற்றிப் பேசலாம். தினமும் 36 கிலோமீட்டர் ஓடுகிற, ஒரு குறையும் நீங்கள் சொல்லாத பெட்ரோல் வண்டிக்கு 2,400 ரூபாய் அநாவசியம். ஏசிக்குள் மருந்து அடிப்பதும் அப்படித்தான். கெட்ட வாடை வந்தால் செய்யலாம், வராவிட்டால் ஏசி ஃபில்டரை மாற்றினால் போதும். நிறைய கார்களில் டாஷ்போர்டு பெட்டியைக் கழற்றினால் பின்னாலேயே இருக்கும், பத்து நிமிஷ வேலை. கோட்டிங்கைக் குறை சொல்ல மாட்டேன். உப்புக்காற்று அடிக்கிற குமரி மாவட்டத்தில் அதற்கு அர்த்தம் உண்டு. ஒருமுறை போட்டதற்கு மேலேயே இன்னொருமுறை எதற்கு என்பதுதான் கேள்வி.

என்னைப் பதற வைத்தது பில்லில் இல்லாத ஒன்று. பிரேக் ஆயில். பெரும்பாலான கார்களின் புத்தகத்தில் 2 வருஷத்துக்கு ஒருமுறை, அல்லது 40,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்லியிருப்பார்கள். உங்கள் வண்டிக்கு நாலு வருஷம் ஆகிவிட்டது. பழைய பில்களை எடுத்துப் பாருங்கள், கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று. அந்த ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உங்கள் ஊரிலோ தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. ஈரம் சேரச் சேர ஆயில் குறைந்த சூட்டிலேயே கொதிக்க ஆரம்பிக்கும். தக்கலை ரோட்டில் தெரியாது. மே மாதம் பிள்ளைகளோடு வால்பாறை போய்விட்டு, ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது தெரியும். உள்ளே கொதித்துக் குமிழி விட்டால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. 8,660 ரூபாய்க்கு என்னென்னவோ செய்தவர்கள் இதைச் செய்தார்களா என்று யார் பார்ப்பது? மஸ்கட்டிலிருந்து பார்க்க முடியுமா?

நம்புவதா, வேண்டாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இன்னும் ஒரு வருஷம் வாரண்டி இருக்கிறது. அது முடியும்வரை டீலரிடமே விடுங்கள். வெளியே விட்டாலே வாரண்டி போய்விடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள், அது முழு உண்மை இல்லை. உதிரிபாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 2014 ஆகஸ்டில், வியாபாரத்தில் நியாயமான போட்டி இருக்கிறதா என்று பார்க்கிற இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. வெளியே வேலை பார்த்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக்கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவில் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனால் நீங்கள் காசு கொடுத்து நீட்டித்த வாரண்டி தனி ஒப்பந்தம், அதன் நிபந்தனைகளில் சர்வீஸை எங்கே செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கும். அதற்கு மேல், வடசேரிக்காரர் பில் தரமாட்டார் என்கிறீர்கள். பில் இல்லாத சர்வீஸை எந்த வாரண்டியிலும், எந்த வழக்கிலும் காட்ட முடியாது. என்ன ஆயில் ஊற்றினார் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. நல்லவராகவே இருக்கட்டும். வாரண்டி முடிந்ததும் அவரிடம் போய், புத்தகத்தில் போட்டிருக்கிற கிரேடு ஆயிலை நீங்களே வாங்கிக் கொடுத்து, கையால் எழுதிய பில்லாவது கேளுங்கள். கொடுத்தால் அவரிடமே தொடருங்கள். கொடுக்காவிட்டால் நாகர்கோவிலில் வேறு ஒர்க்‌ஷாப்பா இல்லை?

நம்பிக்கை என்று எழுதியிருக்கிறீர்கள். அது டீலர் கொண்டுவந்து கொடுக்கிற பொருள் இல்லை, தங்கச்சி. நீங்கள் அங்கே எப்படி நிற்கிறீர்கள் என்பதில்தான் பாதி இருக்கிறது. சனிக்கிழமை விடுங்கள், பள்ளிக்கு அவசரமாக ஓட வேண்டாம். புத்தகத்தின் அட்டவணைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்தக் கிலோமீட்டருக்கு இதெல்லாம்தான் என்று சொல்லுங்கள். 'எஸ்டிமேட்டுக்கு மேல் எந்த வேலையும் என்னைக் கேட்காமல் செய்யக் கூடாது' என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லி, அதைப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். கழற்றிய ஃபில்டரையும் பேடையும் டிக்கியில் போட்டுத் தரச் சொல்லுங்கள். பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்றால் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று கேளுங்கள். கேள்வி கேட்கிற பெண்ணிடம் மரியாதை தானாக வரும். முதல் தடவை கொஞ்சம் முறைப்பார்கள், அவ்வளவுதான்.

அந்த 3,600 ரூபாயை விட்டுவிடாதீர்கள். முதல் கோட்டிங்கின் பில் இருக்கும், கார் எடுத்த ஃபைலில் தேடுங்கள். இரண்டு பில்லின் நகலையும் வைத்து சர்வீஸ் மேனேஜருக்கு எழுத்தில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேலே, நாகர்கோவிலிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பிரச்சினை நடந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரைக்குமான விஷயங்களுக்குக் கட்டணம் கிடையாது. உங்கள் பெயரில்தான் ஆர்சி, புகாரும் உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். வீட்டுக்காரரை லீவு போட்டுவிட்டு வரச் சொல்லாதீர்கள்.

முதல் வேலையாக நாளைக்கே சர்வீஸ் சென்டருக்குப் போய், அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கிற நம்பரை எடுத்துவிட்டு உங்கள் நம்பரைப் போடச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷம் ஆகும். அப்படியே பிரேக் ஆயிலுக்கும் ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த அன்று ராத்திரி அவர் கூப்பிடும்போது பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, பிரேக் ஆயில் மாற்றியாச்சு, இவ்வளவு ஆச்சு, வண்டி நன்றாக நிற்கிறது என்று சொல்லுங்கள்.