மயக்கத்தில் உளறிவிடுவேனா?

முடி கொட்டும், ஞாபக மறதி வரும், முதுகுவலி வாழ்நாள் முழுக்கப் படுத்தும் என்று பித்தப்பைக் கல் ஆபரேஷனைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கொட்டினாலும் முடி திரும்ப வளரும். 46 வயதில் மறதி பயம் வேண்டாம். சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் பெரும்பாலும் முதுகில் ஊசியே போடுவதில்லை. சரி, இதற்காகவா இரண்டு முறை தேதியைத் தள்ளிப்போட்டீர்கள்? கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது: "மயக்கத்தில் மனதில் உள்ளதை எல்லாம் பேசிவிடுவார்களாமே, வெளியே என் கணவர் இருப்பாரே."

மனதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. ஆபரேஷன் நடக்கும்போது நீங்கள் பேச முடியாது. சுவாசத்துக்காக வைக்கும் குழாய் குரல்நாண்களுக்கு நடுவேதான் போகிறது, குரலே வராது. மயக்கம் தெளிகிற சில நிமிடங்களில் சிலர் முனகுவார்கள், சிலர் அழுவார்கள். பெரும்பாலும் "தண்ணி", "வலிக்குது", "முடிஞ்சிடுச்சா?" இவ்வளவுதான். அப்போது பக்கத்தில் இருப்பது நர்ஸ், உங்கள் கணவர் அல்ல. அப்படியும் மனசு கேட்கவில்லையா? மயக்க டாக்டரிடம், "நன்றாகத் தெளிந்த பிறகு வீட்டு ஆட்களை விடுங்கள்" என்று சொல்லுங்கள். காரணம் கேட்கமாட்டார். அங்கே காதில் விழுவதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழில் விதி.

நீங்கள் பார்த்த வீடியோக்களில் பல் பிடுங்கிக்கொண்டு வந்தவர்கள் காரில் உட்கார்ந்து உளறுகிறார்கள். சிரிப்பு வந்தவற்றைத்தான் ஏற்றுவார்கள். பேசாமல் தூங்கியவரின் வீடியோவை யார் பார்ப்பது? 'உண்மை ஊசி' என்று சினிமா காட்டுவதையும் நம்பாதீர்கள். அந்த மருந்து உண்மையையும் கற்பனையையும் கலந்துதான் பேசவைக்கும். சம்மதமில்லாமல் யாருக்கும் அந்த ஊசியைப் போட்டு விசாரிக்கக் கூடாது என்று 2010இல், செல்வி என்பவர் கர்நாடக அரசுக்கு எதிராக நடத்திய வழக்கில், உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஆனால் இரண்டாம் பக்கத்தின் நடுவில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். போன மாதம் இரண்டு நாள் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், சிறுநீர் டீத்தண்ணி நிறம், கண் லேசாக மஞ்சள். மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டீர்கள், சரியாகிவிட்டது, தேதி இன்னும் தள்ளிப்போகுமே என்று சர்ஜனிடம் சொல்லவில்லை. அம்மா, மூன்று பக்கத்தில் எனக்குப் பயம் தந்தது இந்த இரண்டு வரிதான். பித்தப்பையில் இருந்த கல் ஒன்று நழுவிப் பித்தக்குழாயில் அடைத்திருக்கலாம். தேங்கிய பித்தத்தில் கிருமி பிடித்திருக்கலாம். அந்தக் கிருமி ரத்தத்தில் கலந்தால் ஒரே நாளில் ரத்த அழுத்தம் விழுந்து ஐ.சி.யு.வில் கிடக்க வேண்டிவரும். நாலு மாத்திரைக்குக் காய்ச்சல் அடங்கும், கல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை, அவர் கண்ணையா பார்த்தார்?

இந்த வாரமே சர்ஜனிடம் போய் அந்தக் காய்ச்சலைச் சொல்லுங்கள். பிலிரூபின் (மஞ்சள் நிறம் தரும் பித்தப்பொருள்) உள்ளிட்ட கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுப்பார். குழாயில் கல் இருந்தால் வாய் வழியாகக் குழாய் விட்டு அதை முதலில் எடுத்துவிட்டு, அப்புறம் பித்தப்பைக்கு வருவது வழக்கம். அதற்குள் திரும்பவும் குளிர் நடுக்கமோ மஞ்சளோ வந்தால் தேதி, நேரம் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள், நடுராத்திரியானாலும். மீதி மாத்திரை கையில் இருந்தால் தூக்கிப் போடுங்கள்.