வளவு வாசல் வெயில் கைக்குத் தெரியாதது ஏன்?

கோடுகளை விட்டுவிடுங்கள்; கல்லை மாற்றுங்கள். செட்டிநாட்டு வீட்டின் நடுமுற்றமான வளவு வாசலில், வெயிலைத் தொட்டு அறியும் ஒரு படைப்பை அமைக்கிறீர்கள். ஆத்தங்குடிப் பூக்கல்லில், அதாவது அந்த ஊரில் செய்யும் பூ வேலைப்பாடுள்ள தரைக்கல்லில், மேட்டுக் கோடுகள் அமைத்தும், வெயில் எங்கே முடிந்து நிழல் எங்கே தொடங்குகிறது என்பது பார்வையற்ற விருந்தினர்களின் கைக்குத் தெரியவில்லை என்கிறீர்கள். கை உணர்வது ஒளி தரும் சூட்டை. சிமெண்டும் மணலும் சேர்ந்த கல் அந்தச் சூட்டைத் தளத்துக்கும் பக்கவாட்டிலும் கடத்திவிடும். மெதுவாகவே ஆறுவதால், வெயில் நகர்ந்த பிறகும் பழைய இடம் கதகதப்பாக இருக்கும். எல்லை அழிவது இதனால்தான்.

மெல்லிய மரப்பட்டிகளுக்குப் பளபளப்பில்லாத கறுப்பு பூசி, அடியில் தக்கை வைத்து, இடைவெளி விட்டு அடுக்குங்கள். சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதால், வெயிலின் விளிம்பு பட்டி பட்டியாக ஊர்வதை விரல்கள் பின்தொடரலாம். எனக்கு இதுவே உங்கள் படைப்பின் உயிர் என்று தோன்றுகிறது.

முதலில் ஒரு சோதனை: கறுப்புத் துணியை வெயிலில் பாதி, நிழலில் பாதியாகப் பத்து நிமிடம் விரித்து, புறங்கையால் தொடுங்கள். அதிலும் வேறுபாடு இல்லையென்றால் மேற்கூரையைப் பாருங்கள். முற்றத்தை மூடிய கண்ணாடியில் வெப்பத் தடுப்புப் படலம் இருந்தால், வெளிச்சம் வரும், சூடு குறைந்துவிடும்.

இரும்புத் தகடு மட்டும் வேண்டாம். சித்திரை வெயிலில் விரல் பொசுங்கிவிடும். பழைய பூக்கல்மேல் பசை போட்டு எதையும் ஒட்டவும் வேண்டாம்.