பரிந்துரைக் கடிதத்தில் 'ரஃப் டயமண்ட்' என்று எழுதலாமா?

கேள்வி: நான் பிளஸ் டூ இயற்பியல் ஆசிரியை. இங்கிலாந்தில் படிக்க விண்ணப்பிக்கும் என் மாணவனுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் ஆங்கிலம் பேசவே கூச்சப்படுவான், ஆனால் எங்கள் லேபில் பழுதாகிக் கிடந்த, மின்தடையை அளக்கும் மீட்டர் பிரிட்ஜைத் தானாகவே கழற்றிச் சரிசெய்தவன். அவனை 'ரஃப் டயமண்ட்' என்று எழுதி, கூடவே 'ஆல் தட் கிளிட்டர்ஸ் இஸ் நாட் கோல்ட்', 'டோன்ட் ஜட்ஜ் எ புக் பை இட்ஸ் கவர்' இரண்டையும் சேர்த்திருக்கிறேன். சரிதானா?

பதில்: 'ரஃப் டயமண்ட்'டை உடனே எடுத்துவிடுங்கள். பிரிட்டனில் ஒருவரை அப்படிச் சொன்னால், மனசு நல்ல மனசு, ஆனால் பேச்சும் நடத்தையும் கரடுமுரடு என்று அர்த்தம். கூச்ச சுபாவமுள்ள பையனை முரட்டு ஆள் என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நீங்கள் நினைத்தது அமெரிக்கர்கள் அதிகம் சொல்லும் 'டயமண்ட் இன் த ரஃப்', இன்னும் பட்டை தீட்டாத திறமை என்பது. சுரங்கத்திலிருந்து எடுத்த வைரம் பெரும்பாலும் மங்கலான கண்ணாடிக் கல் போலத்தான் இருக்கும், வெட்டிப் பட்டை தீட்டின பிறகுதான் அந்த ஜொலிப்பெல்லாம். இரண்டு வழக்கும் அதே கல்லிலிருந்து பிறந்தவைதான், ஆனாலும் இடம் மாறிப் போனால் பொருள் மாறிவிடுகிறது.

அடுத்து, தங்கம். இது ஷேக்ஸ்பியருக்கு முன்பே பழமொழியாக இருந்ததுதான், இன்று நாம் சொல்லும் வடிவம் பரவியது 1590களில் அவர் எழுதிய 'தி மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்' நாடகத்தால். தங்கம், வெள்ளி, ஈயம் என்று மூன்று பெட்டிகள். நாயகியின் படம் உள்ள பெட்டியைத் தேர்ந்தெடுப்பவனுக்குத்தான் அவள் மனைவியாவாள். மொராக்கோ இளவரசன் தங்கப் பெட்டியைத் திறக்கிறான், உள்ளே ஒரு மண்டை ஓடும் இந்த வரி எழுதிய சுருளும்தான் இருக்கின்றன. அந்தப் படம் இருந்ததோ ஈயப் பெட்டியில். (அங்கே சொல் 'கிளிஸ்டர்ஸ்', இப்போது 'கிளிட்டர்ஸ்' என்றே எழுதுங்கள்.) சொல்லுக்குச் சொல் பார்த்தால் மின்னுகிற எதுவுமே தங்கம் இல்லை என்றுகூடப் படிக்கலாம். நம்முடைய 'மின்னுவதெல்லாம் பொன்னல்ல'விலும் அதே குழப்பம் உண்டு, ஆனால் இரண்டிலும் எல்லோரும் எடுத்துக்கொள்ளும் பொருள் 'எல்லாமே தங்கம் ஆகிவிடாது' என்பதுதான். இது எச்சரிக்கை. சம்பளத்தை வாரி வழங்குவதாகச் சொல்லும் வேலை விளம்பரத்தைப் பற்றி எழுதும்போது பொருந்தும். உங்கள் கடிதத்தில் வந்தால், மின்னுகிற மற்ற மாணவர்களெல்லாம் போலி என்று குத்திக்காட்டுகிற மாதிரி ஒலிக்கும்.

புத்தக அட்டையைப் பற்றியதுதான் எனக்கு ரொம்ப உறுத்துகிறது. அட்டையைப் பார்த்து எடைபோடாதீர்கள் என்று ஒருவர் சொன்னாலே, அட்டை நன்றாக இல்லை என்று ஒப்புக்கொண்டதாகத்தானே ஆகும்? பையனை நேரில் பார்க்காத தேர்வுக் குழுவுக்கு அவனிடம் ஏதோ குறை இருக்கிறது என்ற எண்ணத்தை நீங்களே விதைக்கிறீர்கள். தோற்றத்தையும் மதிப்பையும் எதிரெதிரே நிறுத்தும் பல மரபுத்தொடர்களில் இந்தச் சிக்கல் இருக்கிறது. நட்பான பேச்சில் அது பெரிதாகத் தெரியாது, பரிந்துரைக் கடிதத்தில் நன்றாகவே தெரியும்.

சரி, அப்போ என்னதான் எழுதுவது? அந்த மீட்டர் பிரிட்ஜைத்தான். அதில் என்ன பழுது, அவன் எதை முதலில் சோதித்தான், எத்தனை நாள் ஆனது, இப்போது மற்ற மாணவர்கள் அதில் அளவெடுக்கிறார்களா, இதையெல்லாம் எளிய ஆங்கிலத்தில் நாலைந்து வாக்கியமாக எழுதுங்கள். கூச்சத்தைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் ஒரே வரி போதும்: குறைவாகப் பேசுவான், எழுதிக் காட்டும்போது தெளிவாக இருப்பான் என்று, அது உண்மையாக இருந்தால் மட்டும். அமெரிக்கக் கல்லூரி எதற்காவது இன்னொரு கடிதம் எழுத நேர்ந்தால், இந்தச் சம்பவத்தை முழுசாகச் சொல்லி முடித்த பிறகு 'டயமண்ட் இன் த ரஃப்' ஒருமுறை வந்தால் பரவாயில்லை.