பூங்கா டிக்கெட் காட்டுக்குள் செல்லாது

கேள்வி: ஐயா, நாங்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பீடோர் அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். தமிழ்ப்பள்ளியில் ஒன்றாகப் படித்த 14 பேர் பள்ளி விடுமுறையில் தாப்பா பக்கம் உள்ள வனப் பூங்காவுக்குப் போய், அங்கிருந்து ஆற்றோடு மேலேறி, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் இரண்டு இரவு கூடாரம் போட நினைக்கிறோம். வாட்ஸ்அப் வழியாக அறிமுகமான ஏற்பாட்டாளர் ஒருவர் தலைக்கு 180 ரிங்கிட் கேட்டு, பாதியை முன்பணமாக வாங்கிவிட்டார். "பூங்காவில் டிக்கெட் எடுத்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். என் அப்பாவோ, "தோட்டத்துக்குப் பின்னால் இருந்த காட்டுக்குள் நாங்கள் யாரைக் கேட்டுப் போனோம்?" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லை. அப்பாவை விட்டுவிடுவோம், அவர் உங்களிடம் பணம் கேட்கவில்லை.

லாத்தா கிஞ்சாங், குவாலா வோ போன்ற இடங்களுக்கு இப்போது தாமான் எக்கோ ரிம்பா என்று பெயர். முன்பு ஹூத்தான் லிப்பூர் என்பார்கள். குடில், கழிவறை, கார் நிறுத்துமிடம், குளிக்கிற பாறைகள் ஆகியவை அடங்கிய பகுதிக்குத்தான் உங்கள் டிக்கெட். அங்கேயே இரவு தங்குவதென்றாலும் கேட்டுவிட்டுத்தான் தங்க வேண்டும். அதைத் தாண்டி ஆற்றோடு மேலே ஏறினால் நீங்கள் நிற்பது பெரும்பாலும் நிரந்தர வனக் காப்பகத்தில். 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டத்தில் 47ஆவது பிரிவு இருக்கிறது. பெர்மிட் இல்லாமல் அதற்குள் நுழைந்து குற்றம் நிரூபிக்கப்பட்டால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். டிக்கெட்டை நீட்டினால் நீதிமன்றத்தில் யாரும் தலையாட்ட மாட்டார்கள்.

பெர்மிட் தருவது மாவட்ட வன அலுவலகம். போகிறவர்களின் பெயர், அடையாளக் கார்டு எண், தேதி, பாதை, வழிகாட்டியின் விவரம் ஆகியவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். மலைப் பாதைகளுக்கு மாலிம் குனோங் எனப்படும், வனத்துறையில் பதிவு பெற்ற வழிகாட்டி வேண்டும். உங்கள் ஆற்றுப் பாதைக்கும் வேண்டுமா என்பதை அதே மேசையிலேயே கேட்டுவிடுங்கள். போவதற்கு முந்தைய வாரம் போய் நிற்காதீர்கள். மழை வலுத்தால் கொடுத்த அனுமதியையே நிறுத்திவிடுவார்கள்.

இவ்வளவுதானா என்று நீங்கள் கேட்கலாம். சொல்லும்போது இவ்வளவுதான். அரசமைப்புச் சட்டப்படி காடு மாநிலத்தின் அதிகாரம். காட்டில் திரியும் விலங்குக்கு இன்னொரு துறை. பூர்வகுடி கிராமத்துக்கு வேறொரு துறை. ஆற்றங்கரைத் தனியார் நிலத்துக்கு நில அலுவலகமும் ஊராட்சி மன்றமும். பேராக்கில் செல்லுகிற தாள் எல்லை தாண்டினால் பகாங்கில் வெறும் தாள். குப்பை போடாதே என்று ஆள் உயரத்துக்குப் பலகை வைக்கத் தெரிந்தவர்களுக்கு, "இந்த டிக்கெட் இந்தப் பாலம் வரைக்கும்தான்" என்று ஒரு வரி எழுதி வைக்கத் தோன்றுவதில்லை. அந்த இடைவெளியில்தான் உங்கள் ஏற்பாட்டாளர் கடை விரித்திருக்கிறார்.

இந்த ஆட்களின் வேலை எனக்கு நன்றாகத் தெரியும். என்றோ ஒரு குழுவுக்கு வாங்கிய பெர்மிட்டைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு குழுவுக்கும் அதையே காட்டுவார்கள். தேதியின் மேல் கட்டைவிரல் இருக்கும். "விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்புவோம்" என்று ஒருவர் சொன்னால் அது சூரியோதயம் காட்டுவதற்காக இல்லை. பூங்காக் காவலர் வருவதற்குள் செம்பனைத் தோட்டத்துப் பின்வழியாக உங்களை உள்ளே தள்ளிவிடுவதற்காக. அந்தத் தோட்டச் சாலையும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டிய தனியார் சாலைதான். பிடிபட்டால் அவர் "நானும் கூட வந்தவன்தான்" என்பார். பணம் வாங்கிச் சுற்றுலா நடத்துகிறவருக்கு 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிம எண்ணைக் கேளுங்கள். கேட்ட அன்றைக்கே குழுவிலிருந்து உங்களை நீக்கிவிட்டால், உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய இன்னொன்று, உங்கள் 14 பேரின் பெயரும் உள்ள பெர்மிட்டும் அதற்குக் கட்டிய அரசாங்க ரசீதும். ரசீதில் உள்ள தொகையையும் உங்களிடம் வாங்கியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சமையலுக்கும் கூடாரத்துக்கும் வழிகாட்டிக்கும் நியாயமான கூலி இருக்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. இல்லாத தாளுக்கு வாங்கும் பணத்தைத்தான் சொல்கிறேன்.

அடுத்து அவர் என்ன சொல்வார் என்பதும் எனக்குத் தெரியும். "என் நண்பர் பூர்வகுடிக்காரர், அவரோடு போனால் எதுவும் வேண்டாம்." இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான செமாய் மக்களுக்கு அந்தக் காடு பிறந்த வீடு. அவர்கள் தங்கள் பாரம்பரிய நிலத்தில் நடமாடுவதை உங்கள் பயணத்தோடு ஒப்பிடக் கூடாது. ஆனால் அவருடைய உரிமை அவரோடு நடந்து வருகிற உங்களுக்கு ஒட்டிக்கொள்ளாது. அவர் உள்ளே இருக்கலாம், அவருக்குப் பக்கத்தில் நிற்கும் நீங்கள் குற்றவாளியாக இருக்கலாம். சரி, அவரே பதிவு பெற்ற வழிகாட்டியாக இருந்தால்? மிகவும் நல்லது, அந்த ஆற்றை அவரைவிட அறிந்தவர் யார்? ஆனால் அப்போது அவர் பெயர் உங்கள் பெர்மிட்டில் வழிகாட்டியாக இருக்கும், கூலியும் அவர் கைக்கே போகும். அவர் பெயரைச் சொல்லி ஏற்பாட்டாளர் வாங்குவது வேறு. இன்னொரு நிலைமையும் உண்டு. நீங்கள் காட்டுக்குள் போகவே இல்லை, காப்பகத்துக்கு வெளியே உள்ள கிராமத்தில் விருந்தாளியாகத் தங்குகிறீர்கள் என்றால் வனத்துறை பெர்மிட் பேச்சே வராது. கிராமத் தலைவரான தோக் பாத்தினின் சம்மதம் வேண்டும். அதுவும் சும்மா இல்லை. 1954ஆம் ஆண்டின் பூர்வகுடி மக்கள் சட்டத்தில் வெளியாரைத் தடுக்கும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது. ஆக, நண்பர் இருந்தால் வழி தெரியும், துணை இருக்கும். பெர்மிட் இருக்காது.

கடைசித் தந்திரம், "பெர்மிட் கிடைக்கவில்லை, கவலை வேண்டாம், மலையடிவாரத்தில் எனக்குத் தெரிந்தவர் நிலம் இருக்கிறது." 2022 டிசம்பர் 16ஆம் தேதி சிலாங்கூரில் உள்ள பத்தாங் காலியில் நிலச்சரிவில் 31 பேர் இறந்த இடம், விவசாயத்துக்கான நிலத்தில் உரிமம் இல்லாமல் நடந்த முகாம். தூக்கத்திலேயே புதைந்தார்கள். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

பெர்மிட் கிடைத்துப் போகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். கூடாரத்தை ஆற்று மணல்திட்டில் மட்டும் போடாதீர்கள். படம் எடுக்க அழகான இடம், அவ்வளவுதான். மலை உச்சியில் கொட்டும் மழை உங்கள் தலைக்கு மேல் நீல வானம் இருக்கும்போதே கெப்பாலா ஆயர் எனும் திடீர் வெள்ளமாக இறங்கும். மேலே விழுந்த மரமும் சருகும் தண்ணீரை அடைத்துக்கொண்டு, அந்த அடைப்பு உடையும்போது மொத்தமும் ஒரே வீச்சில் வரும். 2021 ஆகஸ்டு 18ஆம் தேதி கெடாவில் உள்ள குனோங் ஜெராய் மலையின் அடிவாரத்தில் அப்படி வந்த வெள்ளத்தில் ஆறு பேர் போய்விட்டார்கள். கரையில் உள்ள புதர்களைப் பாருங்கள். எந்த உயரத்தில் சருகும் குச்சியும் சிக்கியிருக்கின்றனவோ, பழைய வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது. அதற்கும் நன்றாக மேலே, காய்ந்த கிளை இல்லாத மரத்தடியாகத் தேடுங்கள். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ, சட்டியை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் மேடேறுங்கள். ஆற்றோடு கீழே ஓடாதீர்கள்.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், மலம் கழிக்க ஆற்றிலிருந்து எழுபது தப்படி தள்ளிக் குழி தோண்டுங்கள். உள்ளே கைப்பேசிக்கு அலை கிடைக்காது என்றே நினைத்துக்கொண்டு, பெயர்ப்பட்டியலையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். நேரம் தாண்டினால் அவர் 999 அழைக்கட்டும். வந்த பிறகு ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் அடித்தால், "காட்டு ஆற்றில் குளித்தேன், காட்டில் படுத்தேன்" என்று மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலும் குரங்கு மலேரியாவும் சொன்னால்தான் அவர் நினைவுக்கு வரும். சொல்லாவிட்டால் பனடோல் கொடுத்து அனுப்பிவிடுவார்.

முன்பணத்தை விட்டுவிட வேண்டாம். பெர்மிட்டும் ரசீதும் காட்டும்படி வாட்ஸ்அப்பிலேயே எழுத்தில் கேளுங்கள், நாள் குறிப்பிடுங்கள். தராவிட்டால், பணம் செலுத்திய அத்தாட்சியோடும் அந்த உரையாடலோடும் பயனீட்டாளர் கோரிக்கை தீர்ப்பாயத்துக்குப் போங்கள். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள். வழக்கறிஞர் வேண்டாம், மனுவுக்குக் கட்டணம் ஐந்து ரிங்கிட். ஆனால் அதற்கு அவருடைய முழுப்பெயரும் முகவரியும் வேண்டும் தம்பி. அது உங்களிடம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், அவர் எண்ணை மாற்றுவதற்கு முன்னால்.